யுரேனியம் பற்றாக்குறை என்கிறார்கள், ஆனால் எந்த உலையும் நிற்கவில்லையே?

கணக்குப்புலி:
ஒரு சந்தேகம். உலகத்தில் உள்ள அணு உலைகளுக்கு வருடத்துக்குச் சுமார் 65,000 டன் யுரேனியம் வேண்டும். 2022-இல் சுரங்கங்களிலிருந்து வந்ததோ 49,000 டன் சொச்சம்தான். பல வருடமாகவே இப்படித் துண்டு விழுகிறது. அப்படியானால் மீதி கால் பங்கு எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்தா?

பழையபேனா:
வானத்திலிருந்து இல்லை, அணுகுண்டிலிருந்து! நிஜமாகவே. 1993-இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் போட்ட ஒப்பந்தப்படி, ரஷ்யக் குண்டுகளில் இருந்த 500 டன் செறிவூட்டிய (அதாவது, எரியக்கூடிய யு-235 வகையின் பங்கைக் கூட்டிய) யுரேனியத்தை நீர்க்கச் செய்து உலை எரிபொருளாக்கினார்கள். 20 வருடம் அமெரிக்க மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு அதில்தான் ஓடியது. 2013-இல் அது முடிந்துவிட்டது. அதற்குள் ஃபுகுஷிமா விபத்தால் ஜப்பான் உலைகள் நின்றுபோய், வாங்க ஆளில்லாமல் சரக்கு குவிந்தது, 2016-இல் விலை பவுண்டுக்கு 20 டாலருக்கும் கீழே போனது. விலை இல்லையென்றால் யார் தோண்டுவார்? கனடாவின் மெக்கார்தர் ரிவர் மாதிரியான பெரிய சுரங்கத்தையே 2018-இல் மூடி வைத்தார்கள், திறக்க 2022 ஆனது. இத்தனை நாள் தின்றதெல்லாம் பழைய கையிருப்பு.

நெய்தல்:
இன்னொன்று விட்டுவிட்டீர்கள். இயற்கை யுரேனியத்தில் உலைக்கு வேண்டிய யு-235 வெறும் 0.7 சதவீதம். செறிவூட்டும் ஆலை கழிவில் 0.3 சதவீதத்தை விட்டுவிட்டால், யு-235 4.5 சதவீதம் உள்ள எரிபொருள் ஒரு கிலோ செய்ய 10 கிலோவுக்கு மேல் இயற்கை யுரேனியம் வேண்டும். மடியை ஒட்டக் கறக்கிற மாதிரி 0.2 வரை இறக்கினால் எட்டரை கிலோ போதும். ஆலைகள் சும்மா கிடந்த காலத்தில் அப்படித்தான் மிச்சம் பிடித்தார்கள். இப்போது ரஷ்யாவில் செறிவூட்டிய யுரேனியத்தின் இறக்குமதியை அமெரிக்கா 2024-இல் தடை செய்துவிட்டது (2027 வரை சில விலக்குகள் உண்டு), மற்ற ஆலைகளுக்கு வேலை நெருக்குகிறது, ஆக அந்த மிச்சமும் போச்சு.

கணக்குப்புலி:
சரி, விலை ஏறினால் தானாகத் தோண்ட மாட்டார்களா?

பழையபேனா:
தோண்டுவார்கள், மெதுவாக. புதுச் சுரங்கத்துக்குப் பத்து வருடம் சாதாரணம். கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தைக் கட்டும்போதே 2006-இல் தண்ணீர் புகுந்து, உற்பத்தி தொடங்க 2014 ஆனது. உலகின் ஐந்தில் இரண்டு பங்கைத் தரும் கசகஸ்தானில் பூமிக்குள் கந்தக அமிலம் விட்டுக் கரைத்துத்தான் எடுக்கிறார்கள். அமிலம் போதவில்லை என்று அங்கிருந்து செய்தி வந்த ஜனவரி 2024-லேயே விலை 100 டாலரைத் தாண்டியது.

நெய்தல்:
அப்புறம், உலை ஏன் நிற்கவில்லை என்று கேட்டீர்களே. யுரேனியத்தின் விலை மின்சாரச் செலவில் ரொம்பச் சின்னப் பங்கு. அது இரட்டிப்பானாலும் முணுமுணுத்துக்கொண்டு வாங்குவார்கள். அதோடு பெரும்பாலும் பல வருட ஒப்பந்தத்தில் வாங்குவது. நீங்கள் செய்தியில் பார்ப்பது மிச்சம் மீதிச் சரக்கின் உடனடிச் சந்தை விலை.