கோல்ஃப் பந்த குரங்கு தூக்கிட்டு போனா பெனால்டியா?

தோட்டத்து தம்பி: அண்ணே, நேத்து எங்க டவுன் போட்டில செம்பனை ஓரமா கிடந்த என் பந்த குரங்கு தூக்கிட்டு ஓடிருச்சு, மார்க்கரும் (என் ஸ்கோர் எழுதறவர்) பார்த்தாரு, ஆனாலும் லோஸ்ட் பால், அதாவது தொலைஞ்ச பந்து, பெனால்டி உண்டுன்னு அடம் பிடிச்சாரு, மனசே ஆறல. எது சரி?

பழைய கேடி (கோல்ஃப் பை தூக்கறவர்): பெனால்டி கிடையாது தம்பி, ரூல் 9.6. கண்ணால பார்த்தாச்சுல, முதல்ல இருந்த இடத்த கணிச்சு அங்கயே வேற பந்த வைக்கணும், டிராப் (கையால மேல இருந்து கீழ விடறது) பண்ணக்கூடாது. யாரும் பார்க்காம வெறும் சந்தேகம்னா 3 நிமிஷம்தான் தேடலாம், 2019க்கு முன்ன 5 இருந்துச்சு, கிடைக்கலனா லோஸ்ட் பால்தான்.

சுங்கை சிப்புட் அக்கா: இனிமே சண்ட வேணாம்பா. ஸ்ட்ரோக் பிளேனா (மொத்த அடிய எண்ணற போட்டி), ரூல்ல சந்தேகம் வந்தா அடுத்த அடிக்கு முன்னயே மார்க்கர்கிட்ட சொல்லிட்டு ரெண்டு பந்து ஆடு, எது எண்ணணும்னும் சொல்லிடு. ஸ்கோர் கார்டு குடுக்கறதுக்குள்ள நடந்தத போட்டி கமிட்டிகிட்ட சொல்லியே ஆகணும், ரெண்டுலயும் ஒரே ஸ்கோர் வந்தாலும் சரி, இல்லனா டிஸ்குவாலிஃபை.

தோட்டத்து தம்பி: நன்றிக்கா, இது தெரியாம போச்சே.