ஜெஃப் ஸ்மித்தின் 'போன்': எலி அரக்கர்கள் சிரிக்கவும் வைக்கிறார்கள், அஞ்சவும் வைக்கிறார்கள், எப்படி?

நெடுங்கதை வாசகர்:
அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜெஃப் ஸ்மித் தனியொருவராக எழுதி வரைந்த 'போன்' காமிக்ஸின் முழுத் தொகுப்பை, 1300 பக்கங்களுக்கும் மேற்பட்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் புத்தகத்தை, அண்மையில் படித்து முடித்தேன். முதல் அத்தியாயத்தில் இரண்டு எலி அரக்கர்கள் துரத்த, கதைநாயகன் ஃபோன் போன் பள்ளத்தின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கிளையைப் பற்றித் தொங்குகிறான். இதன் மேல் பாய்வதற்கு அவை அடிமுட்டாள்களாக இருக்க வேண்டும் என்று அவன் தனக்குத்தானே ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் இரண்டும் அதே கிளையில் வந்து தொங்குகின்றன. வாய்விட்டுச் சிரித்தேன். அதே அரக்கர்கள் இரவில் பாட்டி பென்னின் பண்ணை வீட்டைச் சூழும்போது உண்மையாகவே அச்சம் வந்தது. ஒரே உயிரினத்தை வைத்து இவ்விரண்டையும் அவர் எவ்வாறு செய்கிறார்? இன்னொரு ஐயமும் உண்டு. பத்து வயதான என் அண்ணன் மகளுக்கு வாங்கித் தர வண்ணப் பதிப்பு ஏற்றதா, கறுப்பு வெள்ளையே போதுமா?

தூரிகைக்கோடு:
விடையின் பெரும்பகுதி வரைந்த முறையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. ஃபோன் போன், அவன் உறவினர் இருவர் ஆகிய மூன்று போன்களின் உடலில் நிழலோ கோடோ ஏறத்தாழ இல்லை. வளைவான ஒரு புறக்கோடும் அதற்குள் வெற்று வெள்ளையும்தான். எலி அரக்கர்களோ தூரிகையால் இழுத்த அடர்ந்த கறுப்பு மயிர்க்கற்றைகளால் ஆனவர்கள். இருவரையும் ஒரே படக்கட்டத்தில் நிறுத்தும்போது, எந்த வசனமும் இல்லாமலே யார் இரை, யார் வேட்டையாடுபவர் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஸ்மித் காமிக்ஸுக்கு வருவதற்கு முன் நண்பர்களுடன் சேர்ந்து கொலம்பஸ் நகரில் அனிமேஷன் நிறுவனம் நடத்தியவர். எந்தக் கட்டத்தில் தாமதிக்க வேண்டும், எதைக் காட்டாமல் தாண்ட வேண்டும் என்ற கணக்கு அவர் கைக்குப் பழகியது அங்கேதான் என்று நினைக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட கிளைக் காட்சியையே பாருங்கள்: பாய்ச்சல் வரையப்படவில்லை, பாய்ந்து முடித்த நிலை மட்டுமே வரையப்பட்டிருக்கிறது.

எண்ணிக்கையும் முக்கியம். தனியாக வரும் அந்த இரண்டு அரக்கர்கள், பிடித்த இரையை அப்படியே தின்பதா, முட்டை சேர்த்துச் சுடும் 'கீஷ்' செய்வதா என்று சண்டையிட்டுக் கொள்பவர்கள். அவர்களுக்குக் குரலும் குணமும் உண்டு. கூட்டமாக வருபவர்களுக்கு அவை கிடையாது. இருட்டில் கண்களும் பற்களும் மட்டும் வரிசையாகத் தெரியும். அவர்களின் தலைவன் கிங்டாக்கை ஸ்மித் பெரும்பாலும் வேடிக்கைக்குப் பயன்படுத்துவதில்லை, அதனால்தான் அவன் தோன்றியதும் பக்கத்தின் தொனியே மாறிவிடுகிறது.

மலைப்பாதை:
தூரிகைக்கோடு அவர்கள் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அச்சத்தை வரைகலையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. கதையின் நடுவில் பார்ட்டில்பி என்ற எலி அரக்கக் குட்டியை, மூன்று போன்களில் ஒருவனான ஸ்மைலி போன் எடுத்து வளர்க்கிறான் அல்லவா? அந்த இடத்திற்குப் பின் அரக்கர்கள் வெறும் அரக்கர்களாக இருப்பதில்லை. குட்டிகளும் கட்டளைகளும் தண்டனைகளும் கொண்ட ஓர் இனமாகிவிடுகிறார்கள். கொல்ல வருபவனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று தெரிந்த பிறகு வரும் அச்சம் வேறு வகையானது, இன்னும் கனமானது. குட்டியைக் கொண்டுபோய் விடுவதற்காக மலைக்குச் செல்லும் பகுதி நீண்டுவிட்டது என்று குறை கூறுபவர்கள் உண்டு. கதை நகர்வு அங்கே தளர்வது உண்மைதான். இருந்தாலும் அந்தப் பகுதியை நீக்கினால், பின்னால் வரும் போர்க் காட்சிகள் வெறும் சண்டையாகவே நின்றுவிடும்.

நெடுங்கதை வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பார்ட்டில்பியை அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. இவ்வளவு நீண்ட கதையை ஒருவரே வழிதவறாமல் எப்படிக் கொண்டு சென்றார் என்பதையும் அறிய ஆவல்.

பழைய இதழ்கள்:
முதலில் ஒரு திருத்தம்: எழுதியதும் வரைந்ததும் ஒருவர், ஆனால் சுமந்தவர்கள் இருவர். 1991இல் ஸ்மித் 'கார்ட்டூன் புக்ஸ்' என்ற சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கி முதல் இதழை வெளியிட்டார். அவர் மனைவி விஜயா ஐயர் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வந்து பதிப்பகத்தின் நிர்வாகத்தை ஏற்றார். அச்சகம், விநியோகம், கணக்கு ஆகியவை அவர் பொறுப்பில் இருந்ததால்தான் 2004 வரை 55 இதழ்களை ஸ்மித்தால் வரைந்து முடிக்க முடிந்தது. பழைய இதழ்களைத் தொகுப்புகளாக்கித் தொடர்ந்து அச்சில் வைத்திருந்ததும் பெரிய உதவி. நடுவில் வந்து சேரும் வாசகர் தொடக்கத்திலிருந்து படிக்க முடிந்தது.

வழிதவறாமைக்கு வேறு காரணம் உண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழில் 'தார்ன்' என்ற படத்தொடரை அவர் 1980களிலேயே வரைந்திருந்தார்; பாத்திரங்கள் பலரும் அதிலேயே உருவானவர்கள். முடிவும் தொடக்கத்திலேயே அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் மூன்று போன்களையும் பிரிப்பது வெட்டுக்கிளிக் கூட்டம். கதையின் இறுதிப் பகையாக எழுவது வெட்டுக்கிளிகளின் தலைவன்.

பதிப்பைப் பொறுத்தவரை, உங்கள் அண்ணன் மகளுக்கு வண்ணப் பதிப்பையே வாங்குங்கள். 2005 முதல் ஸ்காலஸ்டிக் நிறுவனம் ஒன்பது தொகுதிகளாக வெளியிட்டது. வண்ணமிட்டவர் ஸ்டீவ் ஹமேக்கர். கோடுகளை அமுக்காமல் நிதானமாகவே நிறம் சேர்த்திருக்கிறார். மெல்லிய முதல் தொகுதியை மட்டும் முதலில் கொடுங்கள், முழுத் தொகுப்பு ஒரு குழந்தையின் மடியில் நிற்காது. உங்கள் கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள், அவள் வரையத் தொடங்கினால் அதுதான் தேவைப்படும்.