ஆர்எக்ஸ்-8 வைத்திருப்போரே, கம்ப்ரஷன் அளவுகள் தந்து உதவுங்கள்

வணக்கம். மஸ்டா கார்களின் ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்) வரலாற்றைத் தொகுக்கிறோம். 1961-ல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடம் உரிமம் பெற்றது, எஞ்சின் உட்சுவரில் விழுந்த ‘பேய் நகக்கீறல்’, மஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழு அதைச் சரிசெய்து 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரை இறக்கியது எல்லாம் கையில் இருக்கிறது. இல்லாதது, மஸ்டாவின் ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8 வைத்திருப்போரின் கம்ப்ரஷன் (எஞ்சின் அறைக்குள் உண்டாகும் அழுத்தம்) அளவீடுகள்.

சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், முதல் சந்தேகம் ஏபெக்ஸ் சீல் (ரோட்டர் முனைகளில் அழுத்தம் கசியாமல் அடைக்கும் பட்டை) தேய்மானம். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் இங்கே ஏமாற்றும்: ஒரு ரோட்டருக்கு மூன்று அறைகள், அது காட்டுவதோ அவற்றில் அதிகமானதை மட்டும். ஆகவே ரோட்டரி டெஸ்டரில், எஞ்சின் சூடாக இருக்கும்போது எடுத்த, இரண்டு ரோட்டர்களுக்குமான ஆறு எண்களும் வேண்டும். 250 ஆர்பிஎம்-க்குத் திருத்திய கணக்கில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். கிராங்கிங் வேகத்தையும் (ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும் வேகம்) எழுதுங்கள். பேட்டரி சோர்ந்திருந்தால் நல்ல எஞ்சினும் தோற்றுவிடும்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து உடனே அணைத்ததால் பிளக் பெட்ரோலில் நனைந்த கேஸ் வேறு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து கிராங்க் செய்தால் எரிபொருள் நின்று அறை காயும். அதை இதில் சேர்க்க வேண்டாம்.

ஓடிய கிலோமீட்டர், எந்த ஆயில், பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பீர்களா, கலந்தால் எவ்வளவு? இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.