டின்னர் ரோல் பேக்கரி பணிஸ் மாதிரி மெத்தெண்டு வர என்ன செய்யலாம்? அடுத்த நாளே காய்ஞ்சு போகுது

உவர்மலை_சமையல்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில டின்னர் ரோல் சுடுறனான், அதான் ட்ரேயில ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு வாற சின்ன உருண்டைப் பணிஸ். அளவெல்லாம் ஒரு வெளிநாட்டு வீடியோவில பாத்தது, 500 கிராம் கோதுமை மா, 10 கிராம் ஈஸ்ட், இளஞ்சூட்டுப் பால், 60 கிராம் சீனி, 60 கிராம் பட்டர், ஒரு முட்டை. முதல் ஒரு மணித்தியாலம் பொங்க விடச் சொல்லுறாங்க, உருட்டி வச்சுத் திரும்ப ஒரு மணித்தியாலம். நானும் மணிக்கூட்டைப் பாத்து அப்பிடியே தான் செய்யிறன், பொங்கி நிக்கேக்க பாத்தா ஆசையா இருக்கும், ஓவனுக்குள்ள போனா மேல்பக்கம் சப்பளிஞ்சு இறங்கிடும், வாசமும் ஒரு புளிச்ச கள்ளு வாசம். சுடச்சுடச் சாப்பிட்டா பரவாயில்ல, விடியச் சாப்பிட எடுத்தா பல்லுக்குத் தான் வேலை.

ஓவன் மேசையில வைக்கிற சின்னக் கரண்ட் ஓவன். ஓகஸ்ட் லீவுக்கு கொழும்பில இருந்து அக்காட பிள்ளையள் வருதுகள், சீனிச் சம்பலும் கோழிக்கறியும் வச்சு இந்த ரோலைக் குடுக்கோணும் எண்டு ஒரு ஆசை. பேக்கரிக்காரர் போடுற இம்ப்ரூவர் இல்லாமச் செய்யலாமா? ஈஸ்டைக் கூட்டினாச் சரிவருமா? கடைப் பணிஸ் ரெண்டு நாளைக்கும் மெத்தெண்டு கிடக்குதே, அது எப்பிடி?

சூன்பாண்_ரசிகன்:
பின்னேரம் பாண், பணிஸ் விக்கிறவங்கள் ஓட்டோவில பாட்டைப் போட்டுக்கொண்டு வாறாங்கள் தானே அக்கா, கையைக் காட்டினா வாசல்லயே நிப்பாட்டுவாங்கள், ஏன் உங்களுக்கு இந்தக் கரைச்சல். சரி சரி அடிக்க வராதேங்கோ, நானும் பதிலுக்குத் தான் பாத்துக்கொண்டு இருக்கிறன்.

போறணைக்காரன்:
ஈஸ்டைக் கூட்டாதேங்கோ தங்கச்சி, குறையுங்கோ. நான் கனகாலம் பேக்கரியில மா குழைச்சவன், அந்த வீடியோக் கணக்கு எங்கட வெக்கைக்குச் சரிவராது. அவங்கட குசினி 21, 22 டிகிரியில கிடக்கும், அதால தான் சூட்டுப் பாலும் ஒரு மணித்தியாலமும். திருமலையில ஓகஸ்ட்டில குசினிக்குள்ள 32க்கு மேல நிக்கும், அதுக்குள்ள பாலையும் சூடாக்கி ஊத்தி, குழைக்கிற சூடும் சேர்ந்தா மா திரண்டு வரேக்கயே ஈஸ்ட் ஓடத் தொடங்கிடும். பேந்து ஒரு மணித்தியாலம், அதுக்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் எண்டு வச்சா உள்ளுக்குக் காத்துக் கூடி, அந்தக் காத்தைப் பிடிச்சு வச்சிருக்கிற சவ்வு இழுபட்டு மெலிஞ்சு போய் நிக்கும், ஓவன் சூடு பட்ட உடன கிழிஞ்சு இறங்கும். கள்ளு வாசமும் அதால தான், ஈஸ்ட் சீனியைத் திண்டா காத்தோட சேத்துச் சாராயமும் தான் விடும்.

பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, பிரிட்ஜில வச்சுக் குளிரக் குளிர ஊத்துங்கோ. காய்ச்சச் சொல்லுறது ஏனெண்டா பச்சைப் பாலில இருக்கிற ஒரு புரதம் மாவின்ர இழுவையைக் கெடுக்கும், கொதிச்சா அது அடங்கும். குழைச்சு முடிஞ்ச மாவுக்குள்ள தெர்மாமீட்டரைக் குத்தினா 26 டிகிரிக்குக் கிட்ட காட்டோணும். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் எண்டா 500 கிராம் மாவுக்கு 5 கிராம் காணும். உப்பு 8 கிராம், அதில கை வைக்க வேண்டாம், ருசிக்கு மட்டுமில்ல, ஈஸ்டின்ர ஓட்டத்தையும் உப்புத் தான் இழுத்துப் பிடிக்கும்.

மணிக்கூட்டை விட்டுட்டு மாவைப் பாருங்கோ. முதல் தரம் ரெட்டிப்பாப் பொங்கினாச் சரி, இங்க 40 நிமிசத்திலயும் வந்திடும். உருட்டி வச்ச பிறகு தான் கூடக் கவனம் வேணும். விரல் நுனியில கொஞ்சம் மாவைத் தொட்டுக்கொண்டு உருண்டையின்ர ஓரத்தில மெல்ல அமத்திப் பாருங்கோ. பள்ளம் டக்கெண்டு எழும்பினா இன்னும் நேரம் கிடக்கு, ஆறுதலா எழும்பிப் பாதியில நிண்டா ஓவனுக்கு ஏத்துங்கோ, எழும்பாமலே கிடந்தாப் பிந்திட்டுது. அந்த நேரம் ஓவன் சூடேறி ரெடியா நிக்கோணும், அதுக்குப் பிறகு சுவிச்சைப் போட்டுட்டு நிண்டா அந்தக் கால் மணித்தியாலத்தில எல்லாம் தலைகீழாப் போயிடும்.

உவர்மலை_சமையல்:
நன்றி அண்ணை, இவ்வளவு விளக்கமா ஆரும் சொல்லித் தரேல்ல. இன்னும் ரெண்டு சந்தேகம். குழைச்சது காணும் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? கையில ஒட்டுது எண்டு நான் மாத் தூவித் தூவித் தான் குழைக்கிறன். மற்றது இப்ப கச்சான் காத்து அடிக்கிற அடியில சீலை போட்டு மூடினாலும் மாவுக்கு மேல ஒரு தோல் பிடிக்குது.

போறணைக்காரன்:
பல்லுக்கு வேலை வாறது அந்தத் தூவுற மாவால தான். 500 கிராம் மாவுக்கு 280 மில்லி பாலும் ஒரு முட்டையும் போனா முதல்ல ஒட்டத் தான் செய்யும். பட்டரைத் தவிர மற்ற எல்லாத்தையும் கலந்து, மூடிப்போட்டு 20 நிமிசம் அப்பிடியே விடுங்கோ, மா தானாப் பாலைக் குடிச்சு இறுகும். பேந்து குழையுங்கோ, ஒட்டினா உள்ளங்கையில ஒரு சொட்டு எண்ணெய் பூசுங்கோ, மாப் பக்கமே போகாதேங்கோ. பட்டரைக் கடைசியாத் துண்டு துண்டாப் போடோணும், முதலே போட்டா கொழுப்பு மாவைச் சுத்திப் பிடிச்சு இழுவை வரப் பிந்தும். பட்டர் போட்ட உடன எல்லாம் வழுக்கி வழுக்கிக் கலைஞ்சு போகும், பயப்பிடாமத் தொடர்ந்து குழைச்சாத் திரும்பச் சேரும். காது மடல் மாதிரி மெதுவா வந்த பிறகு ஒரு துண்டைப் பிய்ச்சு ரெண்டு கையாலயும் விரிச்சு லைட்டுக்கு நேர பிடியுங்கோ, கிழியாம வெளிச்சம் தெரிஞ்சாக் காணும்.

கச்சானுக்குச் சீலை சரிவராது, அந்தக் காத்தில சீலையும் காய்ஞ்சு மாவையும் காய வைக்கும். சட்டியில எண்ணெய் பூசி மாவைப் புரட்டி வச்சு, இறுக்கமான மூடி போட்டு, யன்னலையும் சாத்துங்கோ. தோல் பிடிச்சா ஓவனுக்குள்ள அது விரியாது, ரோல் ஒரு பக்கத்தால வெடிக்கும்.

கிண்ணியா_ராத்தா:
தங்கச்சி, நோம்பு காலத்தில நான் இறைச்சி வெச்ச பணிஸ் கனக்கச் சுடுறதால சொல்றன். அடுத்த நாளும் மெதுவா இருக்கணும் எண்டா மாவுல கொஞ்சத்த எடுத்து கூழ் காய்ச்சிப் போடுங்க. சீனா, ஜப்பான் பக்கம் பாணுக்குச் செய்யிற வேல, டாங்சோங் எண்டு தேடினா வரும். 25 கிராம் மாவ 125 மில்லி பாலுல கட்டி இல்லாமக் கரைச்சி, சின்ன நெருப்பில கிண்டிட்டே இருங்க. அகப்பைய இழுத்தா சட்டியடி தெரிஞ்சி அந்தக் கோடு மூடாம நிக்கும், 65 டிகிரி அளவு, அப்ப இறக்கிருங்க. மறுகா நல்லா ஆறவிட்டு மத்த மாவோட சேருங்க, சுடச்சுடப் போட்டா அண்ணன் சொன்ன குளிர்ப் பால் கணக்கெல்லாம் வீணாப் போயிரும். இந்த 25ம் 125ம் மொத்தத்தில இருந்து கழிக்கிறது, புதுசாக் கூட்டுறதில்ல, அப்ப மிச்சம் 475 கிராம் மா, 155 மில்லி பால். மா இறுக்கமாத் தெரிஞ்சா இன்னும் ரெண்டு மேசைக்கரண்டி பால் விடுங்க. வெந்த மா பச்ச மாவ விட எத்தினையோ மடங்கு தண்ணியப் பிடிச்சி வெச்சிருக்கும், சுட்டு எடுத்தாலும் அது லேசில விடாது.

இன்னொண்டும் பாருங்க. நம்மட வீடுகள்ல புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவிச்சி அரிச்ச மா ஒரு டின்னில கிடக்கும், பச்ச மா வேற டின்னில. பாக்க ரெண்டும் ஒண்டு தான். அவிச்ச மாவ நாள் முழுக்கக் குழைச்சாலும் இழுவ வராது, அந்தச் சத்து ஆவியிலயே செத்துப் போயிருக்கும். எங்கட வீட்ட டின் மூடியில எழுதி ஒட்டித் தான் வெச்சிருக்கிறன்.

நிலாவெளி_டு_லண்டன்:
சீனக்குடாவில பிரிமா ஆலை ஓடுற ஊரில இருந்துகொண்டு நல்ல மாவுக்கு யோசிக்கத் தேவையில்ல, ஆனா பைக்கட்டில புரத அளவைப் பாத்து எடுங்கோ, 11, 12 வீதம் எண்டா ரோலுக்கு நல்லம், கேக்குக்கு எண்டு விக்கிற மா வேண்டாம்.

நான் சொல்ல வந்தது ஓவனைப் பற்றி. இங்க குளிருக்கு நான் சூட்டுப் பால் தான் ஊத்துறன், அம்மா வீட்ட நிண்டு செய்யேக்க பொங்குற நேரம் பாதியாக் குறைஞ்சுது, ஆனபடியா அண்ணை சொல்லுறது முழுக்கச் சரி. ஆனா சின்ன ஓவனில 180 எண்டு திருப்பி வச்சா உள்ளுக்கு 180 தான் எண்டு நம்பேலாது, கம்பித்தட்டில வைக்கிற ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்குங்கோ. 180 டிகிரியில 18ல இருந்து 20 நிமிசம். குறைஞ்ச சூட்டில அரை மணித்தியாலத்துக்கு மேல கிடந்தா ஈரமெல்லாம் போய்க் காய்ஞ்சிடும், கன பேருக்கு ரோல் இறுகிறது இதால தான். மேல் கம்பி கிட்ட இருக்கிறபடியா ட்ரேயைக் கீழ்த்தட்டில வையுங்கோ, நிறம் வந்த உடன அலுமினியத் தாளால மூடுங்கோ. நடு ரோலுக்குள்ள 90 டிகிரி வந்தா வெந்திட்டுது. எடுத்த கையோட மேல பட்டரைப் பூசி, சுத்தமான துவாயால மூடி ஆறவிடுங்கோ, அந்த ஆவியிலயே மேல்தோல் மெதுவாகும்.

மிச்சம் வந்தா பிரிட்ஜில வைக்காதேங்கோ. அந்தக் குளிரில வெந்த மாச்சத்து திரும்ப இறுகும், வெளிய கிடக்கிறதை விடக் கெதியாப் பழசாகும். அண்டைக்கு முடியாததை பையில கட்டி பிரீசரில போட்டுட்டு, வேணும் எண்டேக்க எடுத்துச் சூடாக்குங்கோ.

சூன்பாண்_ரசிகன்:
நில்லுங்கோ நில்லுங்கோ. ராவைக்குக் குழைச்சு பிரிட்ஜில வச்சு விடியச் சுடலாம் எண்டு எங்கயோ பாத்தன், இவர் பிரிட்ஜே வேண்டாம் எண்டுறார். ஆர் சொல்லுறதைக் கேக்கிறது?

போறணைக்காரன்:
ரெண்டும் சரி தான் தம்பி. சுட்டது பிரிட்ஜுக்குள்ள போகக்கூடாது, சுடாத மா போகலாம். எங்கட வெக்கைக்கு அது இன்னும் நல்லம், ஈஸ்ட் குளிரில மெல்ல மெல்ல வேலை செய்யும், ருசியும் கூடும். குழைச்சு 15 நிமிசம் வெளிய வச்சிட்டு மூடி உள்ளுக்கு வையுங்கோ, விடிய எடுத்து உருட்டுங்கோ, குளிர் போய்ப் பொங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இம்ப்ரூவர் எண்டு பெரிசா ஒண்டும் இல்ல, விற்றமின் சியும் ரெண்டு மூண்டு நொதியமும் சேத்த தூள். பேக்கரியில கெதியா அடிச்சுக் கெதியா இறக்கோணும், எல்லாப் பணிசும் ஒரே அளவில வரோணும், அதுக்குத் தான் போடுறது. வீட்டுக்குத் தேவையில்ல, ராத்தா சொன்ன கூழே காணும். உருண்டை ஒண்டுக்கு 53 கிராம் எடுத்தா 18 வரும். ஓரத்தை எல்லாம் அடிப்பக்கம் இழுத்துச் சேத்து, மேசையில கையைக் கூடாரமா வச்சுச் சுழட்டுங்கோ, மேல்தோல் இறுகி மினுங்கோணும். வைக்கேக்க இடையில ஒரு சின்ன விரல் இடம் விடுங்கோ, பொங்கி ஒண்டோட ஒண்டு முட்டினாப் பக்கமெல்லாம் மெத்தெண்டு இருக்கும். தள்ளித் தள்ளி வச்சா சுத்திவரத் தோல் தான்.

உவர்மலை_சமையல்:
கூழையும் ராப் பிரிட்ஜையும் சேத்துச் செய்யப் போறன். கடைசிக் கேள்வி, பிள்ளையள் வாறது வெள்ளிக்கிழமை, அண்டைக்கு எங்கட வீட்ட முட்டையும் புழங்கிறேல்ல, கோழிக்கறி சனிக்கிழமை தான். முட்டைக்குப் பதில் என்ன போடலாம்?

கிண்ணியா_ராத்தா:
தயிர் போடுங்க, 50 கிராம், ஒரு முட்டைக்குச் சரியா வரும். எங்கட பக்கத்துச் சட்டித் தயிர் கட்டியா இருக்கும், மேல மிதக்கிற தண்ணிய வடிச்சிட்டு அளங்க. நிறம் கொஞ்சம் வெள்ளையா இருக்கும், மெதுவுக்கு ஒரு குறையும் வராது.

போறணைக்காரன்:
மேல பூசவும் முட்டை வேண்டாம். ரெண்டு மேசைக்கரண்டி பாலில ஒரு தேக்கரண்டி சீனியைக் கரைச்சு, ஓவனுக்கு ஏத்த முதல் பிரஷ்ஷால மெல்லத் தடவுங்கோ, அமத்தினாப் பொங்கினது இறங்கிடும். சீனி இருக்கிறபடியா கெதியாச் சிவக்கும், 12 நிமிசத்தில ஒருக்கா எட்டிப் பாருங்கோ.