'வீட்ல விசேஷம்' பார்த்தாச்சு, 'பதாய் ஹோ' பார்க்கலாமா?

ஜன்னலோரம்:
வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க ஜாலியான இந்திப் படம் ஒன்று சொல்லுங்கள். காதல், குடும்பம், கலகலப்பு எல்லாம் வேண்டும், அழுகாச்சி வேண்டாம். கேட்டவர்கள் எல்லோரும் 'பதாய் ஹோ' என்கிறார்கள். அதன் தமிழ் ரீமேக்கை நான் நண்பர்களோடு பார்த்துவிட்டேன், வீட்டில் யாரும் பார்க்கவில்லை. கதை தெரிந்த எனக்கு போரடிக்குமா? அப்புறம், கல்யாண வயதில் மகன் இருக்கும்போது அம்மா கர்ப்பமாவதுதான் கதை, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நெளிய வேண்டியிருக்குமா?

கடைசிவரிசை:
தாராளமாகப் போடுங்கள். இதில் காப்பாற்ற வேண்டிய ரகசியம் ஒன்றுமில்லை, விஷயம் ஆரம்பத்திலேயே வெளியே வந்துவிடும், அதற்கப்புறம் ஆளாளுக்கு முழிக்கிற முழிதான் படமே. அப்பாவாக வரும் கஜ்ராஜ் ராவ் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், ஓய்வு நேரத்தில் கவிதை எழுதுகிறவர். பத்திரிகையில் வந்த தன் கவிதையை மனைவியாக வரும் நீனா குப்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறார், வெளியே மழை. நீங்கள் பயப்படும் சமாசாரம் அவ்வளவுதான். அதைவிட, விஷயத்தை மகன்களிடமும் தன் அம்மாவிடமும் சொல்ல வாயெடுத்து மனுஷன் மென்று விழுங்குகிறார் பாருங்கள், உங்கள் அப்பாதான் அதிகம் சிரிப்பார். என்னைக் கேட்டால் படத்தின் காதல் ஜோடி இவர்கள் இரண்டு பேரும்தான், மகன் சும்மா சாட்சிக்கு.

மொட்டைமாடி:
அதேதான் எனக்குக் குறையும். மகனாக வரும் ஆயுஷ்மான் குரானா – அவன் காதலியாக வரும் சான்யா மல்ஹோத்ரா பகுதி சவசவ என்று போகிறது. அந்தப் பெண்ணின் அம்மா இந்தக் குடும்பத்தைப் பற்றி இளக்காரமாகப் பேசுவது இவன் காதில் விழ, பதிலுக்கு இவன் வெடுக்கென்று பேசிவிடும் இடம் மட்டும் நன்றாக இருந்தது. மற்றபடி அவர்கள் வரும்போதெல்லாம் நான் டெல்லி வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன்.

பழையசோறு:
பாட்டியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே! சுரேகா சிக்ரி மருமகளைக் கரித்துக்கொட்டிக்கொண்டே இருப்பார். மீரட் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் அதே மருமகளை இடித்துப் பேசும்போது ஒரு பிடி பிடிப்பார் பாருங்கள், முடியாமல் கிடந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டது இவள்தானே என்று கேட்டதும் ஒருத்தர் வாயையும் காணோம். சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது சும்மா கிடைக்கவில்லை. தமிழில் கே.பி.ஏ.சி. லலிதா செய்ததும் பிடிக்கும், ஆனால் அந்தக் காட்சியில் என் ஓட்டு இந்திக்குத்தான்.
நீனா குப்தா கதையும் சுவாரசியம். நல்ல வேடங்கள் தேடுகிறேன் என்று 2017இல் இன்ஸ்டாகிராமில் வெளிப்படையாகவே எழுதினார், அடுத்த வருடமே இந்தப் படம். தமிழில் அதே அம்மா வேடத்தில் ஊர்வசி வெளுத்துக் கட்டுவார் என்றால், இவர் அடக்கி வாசிப்பார், அதனால் இரண்டையும் பார்க்கலாம்.

கடைசிவரிசை:
இந்தி தெரியாவிட்டாலும் டப்பிங் வேண்டாம், சப்டைட்டிலே போதும். பாட்டியின் குரலைக் கேட்காமல் இதைப் பார்ப்பது வீண்.

ஜன்னலோரம்:
சரி, முடிவாகிவிட்டது, இந்தச் சனிக்கிழமை போடுகிறேன். எங்கள் பாட்டியும் கூட உட்காருவாராம், இப்போது அதுதான் புதுப் பயம்.