கேஸ்ட்ரோலித்: 'இரைப்பைக்கல்' வேண்டாம், 'விழுங்குகல்' எனலாம்

வணக்கம்.

சிட்டகோசாரஸ் என்ற டைனோசர் பற்றிய கட்டுரையில், விலங்கு விழுங்கி வயிற்றில் தங்கும் கல்லான கேஸ்ட்ரோலித்துக்கு (gastrolith) 'இரைப்பைக்கல்' என்று போட்டிருக்கிறீர்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் தமிழில் உறுப்பின் பெயரோடு கல் சேர்ந்தால் நோய் என்றே காதில் விழும்: சிறுநீரகக்கல், பித்தப்பைக்கல். அவை உள்ளே விளைபவை. இந்த விலங்கோ கல்லை வெளியிலிருந்து எடுத்து விழுங்கியது.

சிட்டகோசாரஸின் நீளம் சுமார் 2 மீட்டர், எடை 20 கிலோ அளவு. அலகு கிளியுடையதைப் போன்றது. 1923இல் தொல்லுயிரியலாளர் ஆஸ்பர்ன் 'கிளிப்பல்லி' என்று பொருள்படப் பெயர் வைத்ததே அந்த அலகைப் பார்த்துத்தான். அலகு கிள்ளும், பல் நறுக்கும். மாடு போல அசைபோட வழியில்லை. மங்கோலியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் அன்று கிடைத்த தழை ஊசியிலையும் பெரணியும், எல்லாம் நார். அரைவை வயிற்றில்தான் நடந்தாக வேண்டும். சில எலும்புக்கூடுகளின் விலாக்கூட்டுக்குள் 50க்கும் மேற்பட்ட கூழாங்கற்கள் கிடந்தன.

அப்படியானால் 'அரைவைக்கல்' போதாதா? உணவை அரைக்கும் வயிற்றுப் பகுதிக்கு அரைவைப்பை என்பது பாடநூலிலேயே உள்ள சொல். சிட்டகோசாரஸுக்கு நன்றாகப் பொருந்தும். மற்ற விலங்குகளில்தான் இடிக்கிறது. தீக்கோழி வயிற்றில் உடல் எடையில் ஏறத்தாழ 1% கல் இருக்கும். சாரோபாடு எனும் நெடுங்கழுத்து டைனோசர்களில் 0.1% கூடத் தேறுவதில்லை. அதை வைத்து எதையும் அரைக்க முடியாது. முதலை கல் விழுங்குவது எதற்கு என்று இன்னும் வாதம் நடக்கிறது. பயனைப் பெயரில் பூட்டிவிட்டால், ஆய்வு மாறும்போது சொல் பொய்யாகும்.

ஆகவே 'விழுங்குகல்'. குடிநீர் போல வினைத்தொகை. வல்லினம் மிகாது, 'விழுங்குக்கல்' பிழை. 'அரைகல்' என்றும் சுருக்க வேண்டாம், பாதிக் கல் என்று படிப்பார்கள்.

---

ஐயா, வணக்கம்.

விழுங்குகல்லை ஏற்கிறேன். ஒன்று மட்டும் விடுபடுகிறது: இறால் போன்ற நன்னீர் உயிரியான கிரேஃபிஷ் தோலுரிக்கும் முன் இரைப்பைச் சுவரில் சுண்ணாம்பைச் சேர்த்து வைக்கிறதே, ஆங்கிலத்தில் அதற்கும் இதே பெயர்தான். அது விழுங்கியதல்ல. 'சுண்ணாம்புவில்லை' என்று தனியே பிரித்துவிடலாம்.

வரையறையில் 'வழவழப்பான கல்' என்று எழுதாதீர்கள். ஆற்றுக் கல்லும் வழவழப்புதான். தீக்கோழி வயிற்றிலோ கல் தேய்ந்து மங்கிப் போகிறதே தவிர மெருகேறுவதில்லை. கிடந்த இடமே சான்று. பதிவு இப்படி இருக்கட்டும்:

விழுங்குகல் (பெயர்): விலங்கு விழுங்கி, செரிமானப் பாதையில் தங்கிய கல். புதைபடிவமானால் விலாக்கூட்டுக்குள் திரளாகக் கிடப்பதும், சுற்றியுள்ள படிவில் அத்தகைய கல் இல்லாமையும் அடையாளம். அரைக்கப் பயன்பட்டது உறுதியானால் மட்டும்: அரைவைக்கல்.