புதுப்பிப்பு: பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திய விஷயம்

ஆட்டிசமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன ஆறு வயதுப் பையனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தருவதையும், அதற்காகச் சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதையும் போன மாதம் எழுதியிருந்தேன்.

ஆட்டிசம்தானா என்று பார்க்கும் மதிப்பீடு இன்னும் முடியவில்லை. தினமும் வகுப்புக்குப் போகாமலே படிக்கக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான படிப்பு உண்டு என்றதும் மாமியார், "பரீட்சை இருக்கா? அப்ப சரி" என்று பாதி இறங்கிவிட்டார். (சான்றிதழ்தான் அவருக்குக் கவலை போல.)

"நாலு பிள்ளைகளோடு பழக வேண்டாமா?" என்ற பெரியப்பாவின் கேள்வி மட்டும் நியாயமானது. அதனால் தினமும் சாயங்காலம் பூங்காவுக்குப் போகிறோம். ஊஞ்சலில் ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை, மாற்றி மாற்றித் தள்ளிவிடுகிறார்கள்.

அப்புறம், பள்ளி மணிக்கு மேசைக்கடியில் ஒளிந்தவன் நேற்று காதைப் பொத்திக்கொண்டே குக்கர் விசிலை எண்ணினான். "மூணு. அடுப்ப அணைம்மா."